மூன்றாம் எண் முள்

கழுத்துப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுப் பெரியவர் கையை எடுத்தார். காலருக்கும் தம்பியின் கழுத்துக்கும் நடுவில் மூன்று விரல் தாராளமாகப் போகும். கடைத்தெருவுக்குத் தானே போய், இருப்பதில் உயர்ந்ததாகப் பார்த்து வாங்கி வந்த வெள்ளைச் சட்டை அது. தன் வீட்டுப் பிள்ளை கடைசியாகப் போகும்போது நாலு பேர் குறை சொல்லும்படி போகக் கூடாது என்பது அவர் எண்ணம்.

“என்ன அளவு வாங்கினீங்க அத்தான்?” என்றாள் தம்பி மனைவி.

“நாற்பது. அவனுக்கு எப்பவும் நாற்பதுதானே.”

“அதெல்லாம் அப்போ. ரெண்டு வருஷமா முப்பத்தாறே தொளதொளன்னுதான் இருந்துச்சு.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உடலைச் சற்றே ஒருக்களித்து, மிஞ்சிய துணியை முதுகுக்குக் கீழே மடித்துச் செருகினாள். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அந்த இரண்டு வருடத்தில் தான் இந்த வீட்டுக்கு எத்தனை முறை வந்தோம் என்று பெரியவர் கணக்குப் பார்த்தார். மூன்று முறை. மூன்று முறையும் நின்றபடியே மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

உடலை எடுத்துப்போகும் வண்டி நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்கே கூடம் நிறைந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் ஏரியில் தூண்டில் போடுகிறவர்கள். வெயிலில் காய்ந்த கழுத்தும் தூண்டில் நரம்பு அறுத்த விரல்களுமாக, எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரை ஒட்டி நின்றார்கள். பெரியவரைக் கண்டதும் நிமிர்ந்து வணக்கம் சொன்னார்கள். அவரும் முதுகை வளைக்காமல் தலையை மட்டும் அசைத்தார். இந்த ஊரில் அவருக்கு அந்த மரியாதை உண்டு.

அப்பா தொடங்கிய தூண்டில் கடை அவருடையது. கழியும் நரம்பும் முள்ளும் வெளியிலிருந்து வரும். ரப்பர் மீன் மட்டும் வீட்டுச் சரக்கு. தண்ணீரில் இழுத்தால் நிஜ மீன் போல வாலாட்டும் அந்த மெத்தென்ற பொய் மீனை அச்சில் ஊற்றி எடுப்பது தம்பியின் வேலை. எத்தனையாம் எண் முள்ளில் அதைக் கோக்க வேண்டும் என்று உறையில் எழுதி விற்பது அண்ணனின் வேலை. அதனால் ஊரில் தம்பிக்கு ‘அச்சு’ என்றே பெயர்.

முள்ளின் அளவு விளையாட்டுக் காரியமல்ல. முள் பெரிதாகிவிட்டால் ரப்பர் மீன் விறைத்துப் போகும், வால் ஆடாது, எந்த மீனும் ஏமாறாது. சிறிதாகிவிட்டால் அதைவிட மோசம். மீன் கவ்வியதும் ரப்பர் நசுங்கிச் சுருண்டு முள்ளின் வளைவை அடைத்துக்கொள்ளும். கூர் வெளியே வராது. மீன் கடிக்கும், இழுக்கும், பிறகு வாயைத் திறந்து தன் வழியே போய்விடும்.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் தம்பி புதிதாக ஓர் அச்சு செய்தான்.

“அண்ணே, இதுக்கு வயிறு தடிமன். மூணு பத்தாது. அஞ்சாம் நம்பர்னு எழுதுங்க.”

“அப்பா காலத்துலேருந்து நம்ம மீனுக்கு மூணுதான்.”

“அப்பா ஊத்தினது ஒல்லி மீன்ணே.”

“ஊத்தறது உன் வேலை. எழுதறது என் வேலை. போ.”

அந்த வருட ஏரிப் போட்டிக்கு ஊரே அவர்கள் கடை மீனைத்தான் வாங்கிப் போனது. நாள் முழுக்க மீன்கள் கடித்தன, ஒன்றும் மாட்டவில்லை. அடுத்த ஊர்க்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாலையில் கழியும் கையுமாக எல்லாரும் கடைவாசலில் வந்து நின்றபோது, பெரியவர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அச்சு ஊத்தினவன் கைக்கோளாறு அது. கடை மேல பழி போடாதீங்க” என்றார்.

உள்ளேயிருந்து தம்பி வந்தான். அண்ணனை ஒரு தடவை பார்த்தான். “ஆமாங்க, என் தப்புதான்” என்றான். மூன்றாம் நாள் படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பெரியவர் கூப்பிடவில்லை. அடுத்த வாரமே உறையில் ஐந்து என்று மாற்றி எழுதினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றரை மணிக்குப் படகுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஏரியில் படகு வாடகைக்கு விடுகிறவர். தம்பிக்கு நெருங்கிய கூட்டாளி.

“எனக்குப் பேச வராது. ஆனா நம்ம அச்சைப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. அவன் குடுத்த ரப்பர் மீனை ஒரு நாள் திண்ணையில வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். என் வீட்டுக்காரி அதைக் கழுவி எண்ணெய்ச் சட்டியில போட்டுட்டா. உருகி ஓடினப்புறம்தான் கத்தறா. அந்தளவுக்குக் கைப்பக்குவம்!”

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. தம்பி மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“அந்தப் போட்டி அன்னிக்கு அடிக்கிற கோபத்துல கடைக்கு வந்தோம். ‘என் தப்பு’ன்னு ஒரே வார்த்தை. வாயடைச்சுப் போச்சு. தன் தப்பை நாலு பேர் முன்னாடி ஒத்துக்கிட்டவன் அவன். நம்மள்ல எத்தனை பேருக்கு அது வரும்?” படகுக்காரர் திரும்பினார். “ஐயா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

எல்லா முகங்களும் பெரியவர் பக்கம் திரும்பின. ஒரே வாக்கியம் போதும். எண் எழுதியது நான். அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. செய்யாத தப்புக்காகத் தம்பி புகழப்படுகிறான். அவனை அதிலிருந்து விடுவிக்க இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. அப்பாவின் பெயர் எழுதிய கடைப் பலகை அவர் கண்முன் வந்து நின்றது.

“என் தம்பி...” என்றார். குரலைச் சரிசெய்துகொண்டார். “எங்க குடும்பத்துக்குத் தலைகுனிவு வர்ற மாதிரி அவன் ஒண்ணும் செஞ்சதில்ல. வந்தவங்க எல்லாருக்கும் நன்றி.”

நன்றாகச் சொன்னார் என்பது போலப் பலர் தலையாட்டினார்கள்.

வண்டி வந்துவிட்டது. ஆட்கள் கதவின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியவர் சமையலறைக்குப் போனார். தம்பி மனைவி, வந்தவர்கள் குடித்துவைத்த தம்ளர்களைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்த நம்பர் நான் எழுதினதும்மா.”

“தெரியும் அத்தான்.”

“அவன் சொன்னானா?”

“அவரா சொல்லுவாரு? அவர் கைவேலை எனக்குத் தெரியாதா? மறுவாரம் உறையில அஞ்சுன்னு பாத்ததும் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.”

“படகுக்காரருக்கு?”

அவள் குழாயை மூடினாள். “போன மாசம் படகுக்காரர் கையைப் புடிச்சுக்கிட்டு இவரேதான் சொன்னாரு. ‘நான் போனப்புறம் யாராவது அந்தப் பேச்சை எடுத்தா, என் தப்புன்னே சொல்லிடு. அண்ணன் எதிர்ல நின்னுக்கிட்டிருப்பாரு’ன்னு.”

பெரியவர் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க வாயைத் தொறந்தப்ப நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன் அத்தான்” என்றாள் அவள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

தம்பியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பெரியவர் வாசலுக்கு வந்தபோது தெருவெல்லாம் ஆட்கள்.

“ஐயாவுக்கு வழி விடுங்கப்பா” என்றார் படகுக்காரர்.

கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. வாசற்படியிலிருந்து வண்டியின் கதவுவரை நேராக ஒரு பாதை திறந்தது. அவருடைய முகத்தை ஒருவரும் நேராகப் பார்க்கவில்லை. பாதையின் ஓரத்தில் நின்ற தூண்டில்காரர் ஒருவர், அவரைக் கண்டதும் சிகரெட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நின்றார். மறைத்தவரின் தோளுக்கு மேலே புகை எழுந்துகொண்டிருந்தது.