லோகநாயகி தலை காட்டிய மணிக்கணக்கு

1983 ஆவணி மாதத்திலிருந்து, பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருவில் குடியிருந்த லோகநாயகி, விசேஷ வீடுகளுக்குத் தன் தலையை மட்டும் அனுப்பிவைத்தார். உடம்பு வீட்டிலேயே இருந்தது. ரத்தமோ வலியோ கிடையாது. குளித்து, சீவி, பூ வைத்துக்கொண்டதும் தலை தானாகக் கழன்று ஒயர் கூடையில் உட்கார்ந்துகொள்ளும். ரிக்‌ஷாக்காரர் சவுரிமுத்து அதைக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தின் முன்வரிசை நாற்காலியில் வைப்பார். அங்கே தலை சாப்பிட்டால் இங்கே வயிறு நிறையும் என்பதால், சமையல்காரி தபீதாள் முகூர்த்த நாட்களில் உலையில் ஒரு ஆழாக்கு அரிசி குறைத்தே போட்டாள். பொழிச்சலூர் போன்ற தூரத்து ஊர்களுக்குச் சவுரிமுத்து அதைப் பஸ்ஸில் கொண்டுபோனபோது, பேசுகிற லக்கேஜுக்கு விதி இல்லையென்று கண்டக்டர்கள் கொஞ்ச நாள் முழித்துவிட்டு அரை டிக்கெட் கிழித்தார்கள். அழைக்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நீங்க சும்மா வந்து தலையைக் காட்டிட்டுப் போனாப் போதும்." லோகநாயகி சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இவர்கள் ஏழுமரத்தூர் சமஸ்தானத்து ராஜ குடும்பம். ராஜ்யம் போய், அரண்மனையும் இடிந்தபின் மிச்சமிருந்த மூன்று பேர் இந்த ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மூத்தவர் ராஜா சம்பந்தம், அடுத்தவர் லோகநாயகி, கடைக்குட்டி சுந்தரராமன். வயலெல்லாம் பிளாட்டாகி, போர் போட்ட வீட்டிலெல்லாம் உப்புத் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம் அது. ராஜ குடும்பத்தார் ஒருவர் தலை காட்டிய வீட்டில் மட்டும் மறுநாளே நல்ல தண்ணீர் வந்தது. ஆகவே கிரகப்பிரவேசம், காதுகுத்து, மாதா கோயில் கொடியேற்றம் என்று அழைப்பு ஓயவில்லை. சுந்தரராமன் மட்டும் எங்கும் போனதில்லை. அக்காவின் கையை விட்டால் அவருக்குக் கைகால் உதறும், தன் பெயர்கூட மறந்துவிடும். வேறு யார் கையும் உதவவில்லை. அந்தக் கையைப் பிடித்திருப்பதற்காகத்தான் லோகநாயகியின் உடம்பு வீட்டில் தங்கியது.

சம்பந்தத்துக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. முழு உடம்போடு, பட்டு வேட்டி கட்டி, வேர்க்க விறுவிறுக்க அலைகிறவர் அவர் ஒருவர்தான். குடும்பத்தில் யார் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று நியாயமாக அளந்துவிட வேண்டும் என்று 1988இல் முடிவுசெய்து, குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முப்பது வருடம் இருந்து ரிட்டயரான ஸ்ரீநிவாசராகவனை வரவழைத்தார். அவர் ஒரு ஸ்டாப் வாட்சும், மஸ்டர் ரோல் என்கிற பழைய வருகைப் பதிவேடும் கொண்டுவந்தார். அந்த நோட்டில் ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு இருபத்து நான்கு கட்டம்.

அளப்பது அவர் நினைத்த மாதிரி இல்லை. முதலில் விசேஷங்களை எண்ணினார். பத்து நிமிஷத் துக்க வீடும் ஐந்து மணி நேரக் கல்யாணமும் ஒன்றா என்று சம்பந்தம் சண்டைக்கு வந்தார். நிமிஷத்தை அளந்தால், பந்தியில் இலைக்குக் காத்திருந்தது உழைப்பா ஓய்வா என்று தெரியவில்லை. கும்பிடுகளை எண்ணலாமென்றால் தலைக்குக் கை இல்லை. ஒரு மாதம் புன்னகைகளை எண்ணிப் பார்த்தார், அதில் சம்பந்தம் படுமோசமாகத் தோற்றதால் அந்த முறை கைவிடப்பட்டது. கடைசியில் ரேஷன் கடைத் தராசில் லோகநாயகியின் தலையை நிறுத்தார்கள். நாலரைக் கிலோ இருந்தது. தான் ஐம்பது கிலோ, அப்படியானால் தங்கையின் பதினொரு கல்யாணம் தன்னுடைய ஒன்றுக்குச் சமம் என்றார் சம்பந்தம். தண்ணீர் இரண்டு பேருக்கும் ஒரே ருசியாகத்தானே மாறுகிறது என்றாள் தபீதாள். ஸ்ரீநிவாசராகவனுக்குத் தலை சுற்றியது. ஊரில் எல்லோருக்குமே சுற்றியது. இதை எழுதுகிற எனக்கும் இன்றுவரை தெளிவில்லை.

எந்த முறையில் அளந்தாலும் சுந்தரராமனுக்குப் பூஜ்யம்தான் வந்தது. மூன்று வருடம் தலை காட்டாதவர் அரண்மனைக் கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்று சமஸ்தானத்தில் ஒரு சட்டம் உண்டு. அளக்காத வரைக்கும் அது யாருக்கும் நினைவில்லை. 1990 கார்த்திகையில், கணக்கு மூன்றாம் வருடமும் பூஜ்யத்தில் நின்றபோது, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பராமரிப்பு விடுதியில் தம்பிக்கு இடம் பார்த்துவிட்டார் சம்பந்தம். அவர் கொடுமைக்காரர் இல்லை. நியாயமாக அளந்த பிறகு வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அதுதான் பரிதாபம்.

செய்தி வந்தபோது லோகநாயகியின் தலை பொழிச்சலூரில் ஒரு வளைகாப்பில் இருந்தது. சவுரிமுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார். "ராணிம்மா, நாளிக்கி வேன் வருதாம். சின்ன ராஜாவ இட்டுனு போறாங்களாம். பெரியவரு சொல்லிகினு கீறாரு."

தலை அழுதது. துடைக்க அங்கே கை இல்லை, சவுரிமுத்துதான் தோள் துண்டால் துடைத்தார். பீர்க்கன்கரணையில் உடம்பு தம்பியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்ததைத் தபீதாள் பார்த்தாள். தலை வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராக ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்குப் போகச் சொன்னது.

மேஜைமேல் மஸ்டருக்குப் பக்கத்தில் கூடையை வைத்தார்கள். "சார், என் தலை செய்யறதை எழுதியிருக்கீங்க. என் கை செய்யறதை எங்கே எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார் லோகநாயகி.

ஸ்ரீநிவாசராகவன் மூன்று வருடத்துப் பக்கங்களையும் புரட்டினார். எங்கும் இல்லை. முப்பது வருட சர்வீசில் அவர் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். மறுநாள் வேனை ஒரு நாள் நிறுத்திவைத்துவிட்டு, ஏரிக்கரை வீட்டில் ஸ்டாப் வாட்சோடு உட்கார்ந்தார். இருபத்து நான்கு மணி நேரத்தில் அந்தக் கை ஒரு விநாடிகூட விடவில்லை, தூக்கத்திலும் விடவில்லை. அதே நாளில் தலை முடிச்சூரில் இரண்டு கிரகப்பிரவேசம் முடித்துவிட்டு வந்தது, அது ஆறு மணி நேரம். ஆக மொத்தம் முப்பது. ஒரு நாளைக்கு முப்பது மணி நேரம் உழைத்தவரை எழுத மஸ்டரில் கட்டம் இல்லை. மிஞ்சிய ஆறு மணி நேரத்தை அவர் அடுத்த வரிசையில் எழுதினார். அது சுந்தரராமனின் வரிசை. தெரிந்து எழுதினாரா, குழம்பி எழுதினாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"சுந்தரம் ஆறு மணி நேரம் தலை காட்டினானா? எங்கே?" என்றார் சம்பந்தம்.

"மஸ்டர்ல இருக்கே, ராஜா சார். கட்டம் அங்கேதான் காலியா இருந்தது."

சம்பந்தம் நோட்டைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். எழுதிவிட்டதை இல்லையென்று சொல்ல அவருக்கு வழி இல்லை. வேன் திரும்பிப் போனது.

தை பிறந்து முதல் முகூர்த்தத்தன்று விடியற்காலையில் சுந்தரராமன் தானாகவே எழுந்து, ஒரு கையாலேயே குளித்து, தலை சீவிக்கொண்டார். அக்காவின் தலை கழன்றபோது அவருடையதும் கழன்றது. பெஞ்சில் இரண்டு உடம்புகளும் கைகோத்தபடி உட்கார்ந்திருந்தன. "இன்னாம்மா, இன்னிக்கி ரெண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சவுரிமுத்து கூடைக்குள் துணியைச் சரிசெய்தார்.

சம்பந்தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்த் தன் மஃப்ளரை எடுத்துவந்து, தம்பியின் இரண்டு காதையும் மூடிக் கட்டினார்.

"பனி கொட்டுதுடா," என்றார். சவுரிமுத்துவிடம் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டச் சொன்னார்.