கண்டுபிடித்தவர் பெயர்

ரெஹானாவின் மகள் சுமையாவுக்கு அரசாங்கம் கொடுத்த காகிதமெல்லாம் அவளிடம் என்ன இல்லை என்பதைத்தான் சொன்னது. பிறந்ததிலிருந்தே கை நடுங்கும், பேச்சு குழறும் என்பதால் ஊனத்துக்கு ஒரு சான்று. பதினாறு வயதில் மார்ச்சளி கண்டு மவுத்தானபோது இறப்புக்கு ஒரு சான்று. பள்ளிக்கூடத்துச் சான்று கிடையாது, சேர்த்துக்கொண்டால்தானே கொடுப்பார்கள்! இந்தப் பிள்ளை இன்னதைச் செய்தாள் என்று ஒரு வரி, முத்திரை குத்தி, எங்கேயாவது இருக்க வேண்டும். ரெஹானாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அந்த வரியைக் கொடுக்கக்கூடிய இடம் சென்னையில் இருக்கும் காப்புரிமை அலுவலகம் என்று தெரிந்த நாளிலிருந்து, ஒவ்வொரு தொழுகையிலும் அதற்கும் சேர்த்துத்தான் கை ஏந்தினாள்.

அப்படி என்னத்தைச் செய்துவிட்டாள் என்றால், ஒரு கரண்டி. சிரிக்க வேண்டாம். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போய்ச் சேராதவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அது கரண்டியா கப்பலா என்று சொல்வார்கள்.

தேனிப் பக்கம் கம்பத்தில், குமுளி ரோட்டோரம், ரெஹானாவின் கணவர் அப்துல் அஜீஸுக்கு லேத் பட்டறை. திராட்சைக்கு மருந்தடிக்கும் மெஷின், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் சுற்றும் காற்றாடி, எது படுத்துக்கொண்டாலும் அங்கேதான் தூக்கி வருவார்கள். சுமையாவுக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்று ஆனதும் பட்டறையே பள்ளிக்கூடமாயிற்று. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாளெல்லாம் இரும்பு சுருள் சுருளாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பேச்சு அத்தா அஜீஸுக்குப் பாதி புரியும். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. முழுக்கப் புரிந்தது அம்மாவுக்கு மட்டும்தான்.

ஒரு நாள் குமுளியில் ஒரு விசேஷத்துக்கு ஜீப்பில் போனார்கள். மலை ரோட்டில் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது. உள்ளே இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். சுமையா மட்டும் மேலே கொக்கியில் தொங்கிய தூக்குவாளியையே பார்த்தபடி ஏதோ சொன்னாள்.

"என்னங்கிறா?" என்றார் அஜீஸ்.

"ஜீப்பு சாயுது, வாளி சாயலையாம். வாளிக்குள்ள பாலும் கொட்டலையாம்," என்றாள் ரெஹானா. "அதே மாதிரி கரண்டியைத் தொங்கவிட்டா என்னன்னு கேக்குறா."

அஜீஸ் மறுநாளே ஒரு கைப்பிடியைக் கடைந்து, அதன் முனையில் இரண்டு வளையம் வைத்து, நடுவில் கரண்டியும் அதன் அடியில் ஒரு சின்னப் பித்தளைக் குண்டும் தொங்குவதுபோலச் செய்தார். கை எப்படிச் சாய்ந்தாலும் கரண்டி நேராகத்தான் நின்றது. ஆனால் ஊஞ்சல் மாதிரி ஆடித் தொலைத்தது. வாரக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு அவர் தூக்கி எறியப் போனபோது, சுமையா கிரீஸ் டப்பாவுக்குள் விரலை விட்டு, கெட்டியாக அள்ளி, அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதற்கு அம்மா வந்து அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குண்டைச் சுற்றி ஒரு குப்பி வைத்து, அதற்குள் கிரீஸை அடைத்து மூடினார். ஆட்டம் அடங்கியது. "இத்தனை வருசமா லேத்து ஓட்டுறேன், எனக்குத் தோணலையே!" என்று ரோட்டில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார் மனிதர்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. கம்பத்தில் சந்தோஷத்தை மூடி வைக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பெண்ணுக்குச் சம்பந்தம் அமைந்தாலும் சரி, தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் வந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு இனிப்பு போகாமல் அது சந்தோஷக் கணக்கிலேயே சேராது. ரமலான் இருபத்தேழாம் நோன்பன்று பட்டறை வாசலைக் கழுவி, பாய் விரித்து, தெருவையே நோன்பு திறக்க அழைத்தார் அஜீஸ். ஊட்டிவிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று அதுவரை நோன்பு திறக்கும் நேரத்தில் உள்ளறையைவிட்டு வெளியே வராத சுமையா, அன்று எல்லோர் நடுவிலும் வந்து உட்கார்ந்தாள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு, கரண்டியை எடுத்து, கிண்ணத்தில் விட்டு, கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. ரெஹானாவின் தம்பி அல்தாப் அதைச் செல்போனில் பிடித்து, அன்றைக்கே ஊருக்கும் உலகத்துக்கும் போட்டுவிட்டான்.

அந்த வருஷ மழைக்காலத்திலேயே சுமையா போய்விட்டாள். இரண்டு நாள் காய்ச்சல் என்று தேனிக்குக் கொண்டுபோன பிள்ளை, துணி போர்த்தித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ரெஹானா அந்த வீடியோவைப் பார்க்கவேயில்லை. "போட்டுக் காட்டவாக்கா?" என்று அல்தாப் ஒரு தடவை கேட்டதற்கு, போனைப் பிடுங்கி வீசப் போனாள்.

காப்புரிமைக்கு எழுதிப் போட்டது அதன்பிறகுதான். தேனி அல்லிநகரத்துக்காரப் பெண் சுபாஸ்ரீ, மதுரையில் காப்புரிமை ஏஜென்டாக இருக்கிறவள், வழி சொன்னாள். விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைப் போடச் சொன்னபோது அஜீஸ் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "யோசனை அவளுது. நான் கடைஞ்சேன், அவ்வளவுதான்," என்றார். இறந்தவர் பெயரையும் போடலாம் என்று சுபாஸ்ரீ சொன்னதைக் கேட்டதும் ரெஹானாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. சுபாஸ்ரீ இருவரையும் அல்லிநகரத்து வீட்டுக்கு வரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"அண்ணே, விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே அந்தக் கரண்டி உலகத்துக்குத் தெரிஞ்சுபோச்சாம். அல்தாப் போட்ட வீடியோவைத்தான் ஆதாரமாக் காட்டுறாக. ஊருக்குத் தெரிஞ்சதுக்குக் காப்புரிமை கிடையாதுண்ணே."

"எங்க வீட்டு வீடியோவையா?" என்றார் அஜீஸ். "எங்க பிள்ளை கஞ்சி குடிக்கிறதையா?"

"உங்க வீடா இருந்தாலும் அப்படித்தான்ணே. ஒரே ஒரு வழி இருக்கு. அன்னைக்கு அந்தக் கரண்டி சரியா வேலை செய்யலை, அது வெறும் முயற்சி, பின்னாடி குப்பியைக் கொஞ்சம் மாத்தினீகள்ல, அதுதான் நெசமான கண்டுபிடிப்புன்னா வாதாடிப் பாக்கலாம்." அவள் ரெஹானாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, வீடியோவுல உங்க கை பிள்ளை கைக்குப் பின்னாடி தெரியுது. நீங்க தாங்கிப் பிடிச்சிருந்தீகளா? நான் எதையும் சொல்லச் சொல்லலை. நடந்ததைத்தான் கேக்குறேன். விசாரணையில அவுகளும் உங்ககிட்டதான் கேப்பாக."

ரெஹானா எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் வாயைத் திறந்தாள்.

"பிடிச்சிருந்தேன்னு சொல்லிர்றேன்."

"பிடிக்கலையே, ரெஹானா."

"ஏங்க, பதினாறு வருசம் இந்தக் கைதானே ஊட்டுச்சு? அதோட ஒரு நாளைச் சேத்துச் சொன்னா யாருக்கு என்ன குறைஞ்சுபோகும்? அவ பேரு வந்துரும்ல?"

அஜீஸ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டியதை எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும்தான் அந்தப் பெயர் வேண்டியிருந்தது.

விசாரணை நாளன்று சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. சென்னைக்குப் போக வேண்டியதில்லை, கம்ப்யூட்டரிலேயே பேசலாம் என்றாள் சுபாஸ்ரீ. அல்லிநகரத்து வீட்டில், திரைக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்தார்கள். ரெஹானா துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். 'பிடிச்சிருந்தேங்க ஐயா. என் கைதான் தாங்குச்சு.' சின்ன வாக்கியம்தான். ஒரு தடவைகூட முழுசாக முடியவில்லை.

திரையில் வந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கண்டுபிடித்தவர் இப்போது இல்லை என்பது தெரியும், வருந்துகிறேன் என்று தமிழிலேயே சொல்லித்தான் ஆரம்பித்தார். சுபாஸ்ரீயும் அவரும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். பிறகு அவர், "அந்த வீடியோவை ஒருமுறை எல்லோரும் பார்த்துவிடலாமே," என்றார்.

இதை ரெஹானா எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் திரை மாறிவிட்டது.

பட்டறை வாசல். பாய். கிண்ணங்கள். ரோஸ் நிறத் தாவணி போட்டு, தலையில் முக்காடு நழுவ நழுவ, சுமையா. உயிரோடு. மூச்சு விடுகிறாள், தெரிகிறது. பேரீச்சம்பழத்தின் பிசுக்கு உதட்டோரம் ஒட்டியிருக்கிறது. அதைத் துடைத்துவிட வேண்டும்போல ரெஹானாவுக்குக் கை பரபரத்தது. திரையைத் தொடப் போனவளை அஜீஸ் முழங்கையில் பிடித்து நிறுத்தினார்.

சுமையா கரண்டியைக் கிண்ணத்தில் விட்டாள். கரண்டி மேலே எழும்பியது. பழக்க தோஷத்தில் பின்னாலிருந்து ஒரு கை வருகிறது. அது ரெஹானாவின் கை. யாரும் கூப்பிடாமலே வருகிறது. மகளின் மணிக்கட்டை நெருங்குகிறது. அப்போது சுமையாவின் தோள் ஒரு வெட்டு வெட்டியது. வந்த கை பின்னால் ஒதுங்கியது. அவள் வாயிலிருந்து குழறலாக ஏதோ வந்தது. கஞ்சி வாய்க்குப் போயிற்று. கூட்டம் ஓவென்று கத்தியது.

"அங்கே நிறுத்துங்கள்," என்றார் அதிகாரி. "அம்மா, உங்கள் கை தெரிகிறது. தாங்கிப் பிடிக்கப் போனதா, எடுத்துக்கொண்டதா என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பிள்ளை உங்களிடம் ஏதோ சொல்கிறாள். அது எங்கள் யாருக்கும் புரியவில்லை. என்ன சொல்கிறாள்?"

சுபாஸ்ரீ குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஜீஸ் ரெஹானாவைப் பார்த்தார். உலகத்தில் அந்தப் பேச்சைப் புரிந்துகொண்ட ஆள் ரெஹானா ஒருத்திதான். அவள் எதைச் சொன்னாலும் அதுதான் சாட்சி. 'பிடிச்சுக்கம்மா'ங்கிறா என்று சொன்னால் வேலை முடிந்தது. பெயர் வந்துவிடும்.

ரெஹானா வாயைத் திறந்தாள். நிறுத்திவைத்த படத்தில் மகள் முகம் அப்படியே நின்றது. அழுகையில்லை, சிரிப்பில்லை. ரோஷம். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அவள் பார்த்திராத ரோஷம். எத்தனை பேர் முன்னால் எத்தனை காலம் வாய் திறந்து காத்திருந்த பிள்ளை! வேண்டாமென்று அவள் விலக்கிவிட்ட கையை, அவள் எழுந்து வந்து தடுக்க முடியாத நேரம் பார்த்து, திரும்பவும் கொண்டுபோய் அங்கே வைப்பதா? வாழ்நாளில் அவளாகச் செய்தது அந்த ஒன்று. அதையும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பெயரைக் கொடுப்பதா? பெற்றவள் செய்கிற காரியமா அது?

"கையை எடும்மாங்கிறா, ஐயா," என்றாள் ரெஹானா. "கையை எடும்மா, நானே குடிக்கிறேன்... அப்படித்தான் சொல்றா. நான் பிடிக்கலைங்க. எம்பிள்ளை அவளாத்தான் குடிச்சா. ஒரு சொட்டு சிந்தலை. எழுதிக்கங்க ஐயா, அவளாத்தான் குடிச்சா."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றி அம்மா என்றார். அதற்குமேல் கேட்க அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. திரை அணைந்ததும் சுபாஸ்ரீ, "இனிக் கிடைக்காதுக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் வயல் நனைந்து கிடந்தது. பஸ் சின்னமனூரைத் தாண்டியது. அஜீஸ்தான் முதலில் கேட்டார்.

"அன்னைக்கு அவ அப்படிச் சொன்னதை எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?"

"வலிச்சுச்சுங்க." ரெஹானா தன் வலது கையை மடியில் மல்லாத்திப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சந்தோசம்தான். ஊரே பாக்குறப்ப நானும் சிரிச்சேன். ஆனா இனிமே இந்தக் கைக்கு என்ன வேலைன்னு ஒரு நிமிசம் பக்குன்னு இருந்துச்சு. போய்ப் படுத்து அழுதுருக்கேன். ஆறு மாசத்துல நெசமாவே வேலை இல்லாமப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

அஜீஸ் சாரல் உள்ளே வராமல் ஜன்னலை இறக்கிவிட்டார்.

"பேரு போனாப் போகட்டும்ங்க. நான் ஊட்டப் போறேன், அவ வந்து ஒரே ஒரு தடவை என் கையைத் தள்ளிவிட்டுட்டுப் போகட்டும். எனக்கு அது போதும்ங்க."

மகளை அடக்கம் செய்த அன்றுகூட ஆட்கள் முன்னால் கண் கலங்காத அப்துல் அஜீஸ், முன்சீட்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.