கேட்காமலே சேர்ந்துகொண்ட கணினி

…யாரைக் கேட்டு இது போய் ஒட்டிக்கொண்டது, அவள் ஒன்றையும் அழுத்தவில்லையே, வீட்டு வைஃபை காலையிலிருந்து மூன்றாவது தடவையாகப் போய், அலுவலகக் கூட்டம் பாதியில் உறைந்து, மேலாளர் வாயைப் பிளந்தபடி திரையில் நின்றுவிட, என்ன கோளாறு என்று பார்ப்போமென வைஃபை மென்பொருளைத் திறந்தாள், அவ்வளவுதான், மடிக்கணினி தானாகவே எதையோ பிடித்துக்கொண்டு பச்சை காட்டியது, மேலாளரும் வாயை மூடினார். பெயரைப் பார்த்தாள். ‘டென்டல் கெஸ்ட்’. கீழ்த்தளத்துப் பல் டாக்டரம்மாவின் கிளினிக்… அது எப்படி இவளுடைய கணினியை உள்ளே விட்டது? பெயருக்குப் பக்கத்தில் குட்டியாகப் பூட்டுப் படம் இருக்கிறது, கடவுச்சொல் இல்லாமல் விடாது. அப்படியென்றால் யாரோ ஒருநாள் இதைத் தூக்கிக்கொண்டு கீழே போய், சாவகாசமாக உட்கார்ந்து, கடவுச்சொல்லைத் தட்டியிருக்கிறார்கள். அவளுக்குப் பல்வலி என்று ஒன்று வந்ததே கிடையாது. கணினியைத் தொடுகிற இன்னொரு ஆள் இந்த வீட்டில் ஒருவர்தான்.

அந்த ஒருவர், அவள் கணவர், பள்ளிக்கு இன்று விடுமுறை என்பதால் அடுத்த அறையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், அவர் இந்தக் கணினியில் வினாத்தாள் தயாரிப்பார், அப்படித்தான் சொல்வார். கிளினிக் சனிக்கிழமை அரைநாள்தான்… மீதி அரைநாள்? போன மாதம் மாடிப்படியில் அவர் ஏதோ சொல்ல, டாக்டரம்மா எதற்கு அப்படிச் சிரித்தாள்? வீட்டில் அவர் சொல்கிற நகைச்சுவைக்கு நாற்காலிகூட அசையாது. கொஞ்ச நாளாக இனிப்பைக் குறைத்துக்கொள் என்று வேறு ஆரம்பித்திருக்கிறார், யார் சொல்லிக்கொடுத்த பாடம் அது? விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் பதினாறு வருடமாக அவளுக்கு வேலையே இதுதான், கோரிக்கைகளில் எது மெய், எது புளுகு என்று பிரிப்பது. வலது கை முறிந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தவனை, அதை வலது கையாலேயே அழகாக எழுதியிருக்கிறான் என்று பிடித்தவள். அவளிடமா? கோபம்தான் என்று நினைத்தாள், கோபம் இல்லை, பயம். பத்தொன்பது வருடத்துக் குடும்பம். அக்காவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது, அம்மாவிடம்…

பதறாதே, கோப்பை முழுதாகப் படி. மென்பொருளில் நினைவில் வைத்திருக்கும் இணைப்புகள் என்று ஒரு பட்டியல், அவள் அலுவலகம், அம்மா வீடு, ஏதோ ஒரு ரயில் நிலையம், எங்கெல்லாம் போனோம் என்பதை ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறதே இந்தக் கழுதை. டென்டல் கெஸ்ட்டைச் சொடுக்கினாள். முதலில் இணைந்தது மார்ச் பதினான்கு, வியாழன், மாலை நான்கு பத்து. சனி இல்லை, வியாழன். வியாழனன்று அவருக்கு ஐந்தரை வரை பள்ளி, அதன் பிறகு விளையாட்டு மைதானம். வியாழனன்று இந்தக் கணினி அவளோடு அலுவலகத்தில் அல்லவா இருக்கும்… அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள்? மார்ச். நாத்தனார் வந்து இரண்டு வாரம் தங்கியிருந்த மார்ச். அன்று காலை ஏதோ சின்னப் பேச்சு முற்றி, “ஆபீஸ்ல பண்ற விசாரணையை வீட்டுலயும் பண்ணாதே, எனக்கு மூச்சு முட்டுது” என்று அவர் சொன்னது, தலைவலி என்று அலுவலகத்திலிருந்து மூன்று மணிக்கே கிளம்பியது, மாடிக்குப் போனால் நாத்தனார் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள் என்று கீழேயே கிளினிக்கின் நீல நாற்காலியில் உட்கார்ந்தது. வரவேற்பில் இருந்த பெண் ஒரு துண்டுச் சீட்டில் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்தாள். கொடுத்தாள்தான். அங்கே உட்கார்ந்துதான், வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு ஒரு படிவத்தை நிரப்பினாள். குடும்பத்துடன் வருகிறீர்களா? இல்லை. எப்போது வர முடியும்? உடனே. அடுத்த வாரமே இடம் காலியில்லை என்று பதில் வந்தது, அதோடு நடக்காத ஒன்றைப் போல மூட்டை கட்டிப் போட்டுவிட்டாள், யாரிடமும் சொல்லவில்லை, இப்போது பார்த்தால் தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. வெட்கமாக இருந்தது.

“நெட் வந்துடுச்சா?” அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். ம், என்றாள். எட்டித் திரையைப் பார்த்தார். “கீழ் வீட்டுதா. நம்மளுது போனா அதுவா போய் அதைப் பிடிச்சுக்கும்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எத்தனை சனிக்கிழமை பார்த்திருக்கேன்” என்றார், சட்டையை ஹாங்கரில் மாட்டினார், போய்விட்டார்.

எத்தனை சனிக்கிழமை… அப்படியானால் மார்ச்சிலிருந்தே அவருக்குத் தெரியும், பல்வலி வராதவள் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தாள் என்று. நிரப்பிய படிவம் பதிவிறக்கக் கோப்புறையில் அப்படியே கிடக்கிறது, அவருடைய வினாத்தாள்களுக்கு நடுவில். படித்திருப்பாரா? ஐந்து மாதமாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பத்து நிமிடத்தில் அவரைத் தூக்கில் ஏற்றி இறக்கிவிட்டாள், அவர் கேட்கவே இல்லை. அவள் அலுவலகத்தில் கேள்வி கேட்காமல் ஒரு கோப்பு நகர்ந்தால் அதற்கு இரண்டே காரணம், ஆளை முழுதாக நம்பிவிட்டார்கள், இல்லையென்றால் எப்படியும் போகட்டும் என்று மூடிவிட்டார்கள். இது எந்த ரகம்? கேட்டுவிட அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த அறையில் இஸ்திரிப் பெட்டி மறுபடியும் சீறியது, திரையில் மேலாளர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், லைனில் இருக்கீங்களா, இருக்கீங்களா என்று.