பின்சீட்டில் அறுபது கிலோ

உத்தமன் வண்டி பிடிக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பீன்யா தொழிற்பேட்டையில் சிரிக்காதவர்கள் கிடையாது. ஓடாத கார்களை டிரெய்லரில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில். டிரெய்லர் சொந்தம், அதை இழுக்கிற வண்டி வாடகை. சின்ன மாருதிக் காராக இருந்தாலும் ஜீப் வேண்டாம், ஃபோர்-நாட்-செவன் லாரிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பான். கேட்டால், "இழுக்கறதுக்கு எந்த வண்டியும் இழுக்கும். எறக்கத்துல நிறுத்தறது யாரு?" என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான்.

அதற்கு மேல் ஒரு கதை இருந்தது. தொண்ணூற்றாறில் ஓர் அம்பாசிடரைக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. லாரி மறுநாள்தான் கிடைக்கும் என்றார்கள். பொறுமை என்பது உத்தமனின் பரம்பரையிலேயே கிடையாது, தன் பழைய ஜீப்பையே மாட்டினான். ஜீப்பைவிட டிரெய்லரும் காரும் கிட்டத்தட்ட அரை டன் அதிகம். கூட வேலை செய்த நாகேஷ், தங்கை காந்தாவின் புருஷன், "ஒரு நாள் நிப்போம் மச்சான், பின்னாடி இருக்கறது நம்மளத் தள்ளிடும்" என்றான்.

"பயமா இருந்தா ஜீப்புல ஏறாத. பின்னாடி அந்தக் கார்லயே போய்க் குந்து" என்று உத்தமன் எரிந்து விழுந்தான். நாகேஷ் ரோஷக்காரன். பேசாமல் போய் அம்பாசிடரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். சூளகிரி இறக்கத்தில் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடி, ஜீப்பைத் தள்ளிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. உத்தமன் சிராய்ப்போடு எழுந்து வந்தான். நாகேஷ் வரவில்லை.

"தூக்கம் வருதுன்னு அவனேதான் பின்னாடி ஏறினான்" என்று உத்தமன் போலீசிடம் சொன்னான், காந்தாவிடமும் சொன்னான். அவள் நம்பினாள். வருடா வருடம் தன் ஆஸ்டின் டவுன் வீட்டில் நாகேஷ் படத்துக்குப் பூ வைத்துவிட்டு, "தூங்குமூஞ்சி, அன்னிக்கு ஒரு நாள் முழிச்சிருக்கக் கூடாதா?" என்று புருஷனைத் திட்டித் திட்டி அழுவாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனுக்குச் சோறு போடுவாள். உத்தமனுக்கு என்று உலகத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். உண்மையைச் சொன்னால் அந்தச் சோறும் போய்விடும், அவளும் போய்விடுவாள் என்று அவன் பயந்தான்.

விபத்துக்குப் பிறகு எந்தக் காரை ஏற்றினாலும் எடைமேடையில் அறுபது கிலோ அதிகம் காட்டியது. காரைத் தனியாக நிறுத்தினால் சரியாக இருக்கும். டிரெய்லரைத் தனியாக நிறுத்தினாலும் சரிதான். காரை டிரெய்லரில் ஏற்றியதும் எங்கிருந்தோ அறுபது கிலோ வந்து ஏறிக்கொள்ளும். முதல் தடவை சிரித்தான். நான்காவது தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

தொண்ணூற்றொன்பதில் ஒரு காலை, காக்ஸ் டவுனைச் சேர்ந்த டீச்சர் மௌரீன் தன் அம்பாசிடரைக் கிருஷ்ணகிரியில் இருக்கும் தம்பிக்கு அனுப்பச் சொன்னார். அதே ஊரில் இருக்கும் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று காந்தாவும் லாரியில் தொற்றிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல உத்தமனுக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. எடைமேடையில் காரைத் தனியாக, டிரெய்லரை லாரியிலிருந்து கழற்றித் தனியாக, பிறகு காரை ஏற்றி இரண்டையும் சேர்த்து நிறுத்தினார்கள். மூன்று சீட்டுகளையும் காந்தா வாங்கிப் பார்த்தாள். கார்மென்ட்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க எண்ணிக்கை பார்க்கிறவள், அவளிடம் கணக்கு தப்புமா?

"ண்ணா, காரு ஆயிரத்து நூத்தம்பது. டிரெய்லர் ஐநூத்தி இருபது. சேந்தா ஆயிரத்து அறுநூத்தி எழுபதுதானே? ஆயிரத்து எழுநூத்தி முப்பதுன்னு போட்டிருக்கு?"

"மிஷினு தப்பு" என்றான் உத்தமன்.

"ஏய் உத்தமா, மிஷினைச் சரிபாத்து கவர்மென்ட் ஸ்டாம்பிங் ஆயி ஒரு மாசம்கூட ஆகல!" என்று எடைமேடைக்காரர் முனிகிருஷ்ணன் ஜன்னல் வழியே கத்தினார். "இவன் எந்தக் காரை ஏத்தினாலும் இப்படித்தான்மா. மூணு வருஷமா பாக்கறேன். கேக்கறதையே விட்டுட்டேன்."

காந்தா சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் எடை மிஷினில் காசு போட்டு நாகேஷ் எடுத்த அட்டை இன்னும் அவள் பர்சில் இருந்தது. அறுபது கிலோ. என் சமையலில் ஒரு கிலோகூட ஏறவில்லையே என்று அவள் கேலி செய்த அட்டை. மெல்ல அம்பாசிடரின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். பின்சீட்டு ரெக்சினில் ஒரு பக்கம், ஆள் உட்கார்ந்த மாதிரி, அமுங்கிக் கிடந்தது.

"ண்ணா, அவரு ஏன் பின்னாடி ஏறினாரு?"

"தூக்கம்..." என்று ஆரம்பித்தான். டிரெய்லரின் பட்டை ஸ்பிரிங் கிரீச்சென்றது. உத்தமன் அங்கேயே, லாரிப் புகைக்கு நடுவில், எல்லாவற்றையும் சொன்னான். லாரிக்கு ஒரு நாள் நிற்கலாம் என்று நாகேஷ் சொன்னதையும், தான் பதிலுக்குச் சொன்னதையும், எந்தச் சொல்லையும் விடாமல் சொன்னான்.

காந்தா அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு டிரெய்லரில் ஏறிக் காரின் பின்கதவைத் திறந்தாள்.

"எறங்கி வாங்க. நீங்க கேட்ட வண்டி வந்திருக்கு. முன்னாடி உக்காரலாம்."

ஸ்பிரிங் இன்னொரு தடவை முனகியது. உள்ளே ரெக்சின் மெதுவாக நிமிர்ந்தது. காந்தா கீழே இறங்கியதும், "அரே, ஆயிரத்து அறுநூத்தி எழுபது!" என்று முனிகிருஷ்ணன் கத்தினார்.

டிரெய்லரை மாட்டிவிட்டு உத்தமன் வந்தபோது காந்தா லாரியில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. கியர் போடும்போது தன் கை படாதபடி அவள் முழங்காலை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டதை அவன் பார்த்தான். ஓசூர் ரோடு முழுவதும் அது அந்தப் பக்கமே இருந்தது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சூளகிரி இறக்கம் வந்தது. உத்தமன் கியரைக் குறைத்தான். கனமான லாரி, பின்னால் இருப்பதை அடக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கியது. காந்தா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"மூணு வருஷம் உங்களத்தான் திட்டினேன்" என்றாள். "இப்பத் தூங்குங்க. நான் முழிச்சிருக்கேன்."