பிரகதாம்பாளைக் கொல்ல முடியவில்லை

1

உங்கள் வீட்டு கிரைண்டர் பிளக்கில் எத்தனை பின் இருக்கிறது? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஷார்ஜாவில் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறு வேலை கிடையாது. அறையில் ஐந்து பேர். தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்.

இந்தக் கதை ஊரிலிருந்து வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தொடங்கியது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரி உடைக்கும் தகரச் செட்டில் கரண்ட் அடித்துப் பெண் சாவு. இரண்டே வரி, பெயர்கூட இல்லை. நானே பிரகதாம்பாள் என்று வைத்தேன். அவளைச் சாகடித்தால் கதை எடுபடும் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "மின்சாரம் ஒரு கருநாகத்தைப் போல அந்தச்—"

வேண்டாம். ஒயர் ஒயராகவே இருக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம் ஞானமணி. கீரனூரில் சின்னப் பட்டறை வைத்திருப்பவள். அவள் சொந்தமாக யோசித்துச் செய்த முதல் முந்திரி உடைக்கும் மெஷின், நிலவழகன் என்பவரின் செட்டுக்குப் போகிறது. அது அங்கே ஓடினால்தான் மற்ற செட்டுக்காரர்கள் கேட்பார்கள். திரும்பி வந்தால் பட்டறைக்குப் பூட்டுதான்.

"ஏம்மா, மெசினு கேட்டா ஒயரப் பத்தியே பேசுறீங்க? கடையில தொங்குற ரெண்டு கம்பி ஒயரு பத்தாதா?" என்றார் நிலவழகன்.

"பத்தாதுண்ணே. மூணு கம்பி. அதுவும் நான் பாத்து எடுத்ததுதான்."

3

கொலை முயற்சி ஒன்று: முந்திரி ஓட்டு எண்ணெய். ஆள் தோலையே உரிக்கும்*, ஒயரின் தோலை விடுமா? ஆசையாக எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஞானமணி ஏழு வகை ஒயர்த் துண்டுகளை அதே எண்ணெயில் ஒரு மாதம் ஊறப்போட்டு, ஊதிப்போன ஆறையும் குப்பையில் எறிந்துவிட்டு, தாங்கிய ஏழாவதை மெஷினில் போட்டிருந்தாள். [நான் திட்டமிட்டதல்ல. எழுத எழுத அவளாகச் செய்தாள்.]

முயற்சி இரண்டு: ஒருவன் ஒயரைப் பிடித்தே மெஷினை இழுக்கிறான், உள்ளே கம்பி பிடுங்கிக்கொண்டு தகட்டைத் தொட்டு... அதுவும் நடக்கவில்லை. ஒயர் நுழையும் வாயிலேயே இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போட்டிருந்தாள். இழுத்தவனுக்குத்தான் தோள் வலித்தது.

* அதனால்தான் உடைக்கும் பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள்.

4

நிலவழகனை வில்லனாக்கலாமா? மனசு வரவில்லை. அவர் ஊரே செய்வதைத்தான் செய்தார். செட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் இரண்டு ஓட்டைதான். மூன்றாவது பின்னை ஆக்சா பிளேடால் அறுத்தெடுத்தார். "மூணாவது காலு எதுக்கு? ஓடவா போவுது?"

பிறகு பூசை. வேப்பிலையால் மஞ்சத்தண்ணீர் தெளித்து, மனம் நிறையாமல், சொம்போடு கவிழ்த்தார். தண்ணீர் மோட்டார் பெட்டிக்குள் இறங்கியது. மூன்றாவது பின் இல்லாததால் எர்த்தும் இல்லை. சுவிட்சைப் போட்டார்கள். பிரகதாம்பாள் வெறுங்காலோடு நின்று, முதல் கொட்டையை வைக்கக் கை நீட்டினாள்.

கடைசியில் அகப்பட்டுவிட்டாள்.

டப்.

மெஷின் நின்றது. பிரகதாம்பாள் கையை உதறினாள். "ஆத்தி! சுருக்குனு கடிச்சிருச்சு!"

"மொத நாளே மக்கராயிருச்சே!" என்றார் நிலவழகன்.

அப்போதுதான் செட்டுக்குள் நுழைந்த ஞானமணி பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். "மக்கர் இல்லண்ணே. கரண்டு வழிமாறி ஆள் மேல போனா வெட்டி விடுறதுக்குன்னே உள்ள டிரிப்பர் வச்சிருக்கேன். மெசினு நின்னதாலதான் அக்கா நிக்கிறாக." பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள். "மூணாவது பின்னு எங்கண்ணே?"

நிலவழகன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பித்தளைத் துண்டை எடுத்தார்.

"இங்கிட்டுக் குடுங்க மொதலாளி," என்றாள் பிரகதாம்பாள். "தாலியில கோத்துக்கிறேன்."

செட்டே சிரித்தது. ஷார்ஜாவில் நான் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

5

இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் சாவு வீடு. இன்னொன்றில் மெஷின் லாரி ஏறிக் கீரனூருக்கே திரும்புகிறது. இரண்டையும் கிழித்துவிட்டேன். ஞானமணிக்கு அடுத்து எத்தனை ஆர்டர் வந்தது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக வையுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மறுநாள் காலை செட்டுக்குப் பின்னால் எர்த்துக்குக் குழி வெட்டினார்கள். பிரகதாம்பாள் எட்டரைக்கு வேலைக்கு வந்தாள்.