ஸெய்கிச்சி இறங்காத திடல்

கிஸாகி பயிற்சித் தளத்திலிருந்து புறப்பட்ட ஸெய்கிச்சியின் விமானம் நாற்பத்தொரு ஆண்டுகளாகத் தரையிறங்கவில்லை. புறப்பட்ட காலையில் அவனுடைய அக்கா மிட்சுவே, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டுபோயிருந்தாள். "இது எனக்கா, மாட்டுக்கா அக்கா?" என்றான். "மாடு இவ்வளவு வாய் பேசாதுடா. தின்னு."

மிட்சுவே தள அலுவலகத்தில் எழுத்தர். கடலோரமாயிருந்த அந்தத் திடலில் எட்டு ஆண்டுகளாக, மரமும் துணியுமான செம்மஞ்சள் விமானங்களில் பையன்களுக்கு ஏறவும் இறங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். போரின் கடைசி வசந்தத்தில், ஏற மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும் என்று உத்தரவு வந்தது. இறங்கவும் கற்ற கடைசி வகுப்பு ஸெய்கிச்சியினுடையது. எதிரிக் கப்பலில் மோதிச் சாகச் சம்மதமா என்று கேட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். சம்மதம் என்றால் ஒரு வட்டம், பெருவிருப்பம் என்றால் இரட்டை வட்டம். அவன் தாள் மட்டும் வெறுமையாக வந்தது. இனித் தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்று மிட்சுவே அதில் ஒரு வட்டம் போட்டாள். மற்ற தாள்களுக்கு நடுவே அது கஞ்சத்தனமாகத் தெரியவே, அதைச் சுற்றி இன்னொன்றும் போட்டாள்.

மே மாதம், ஓடுபாதையில் இரட்டை வட்டக்காரர்கள் என்று பெயர் வாசித்து ஆறு விமானங்களை அனுப்பினார்கள். ஐந்து தெற்கே போயின. ஸெய்கிச்சியினுடையது திரும்பிவந்து, சுற்றுக்கு நான்கு நிமிடமாகத் திடலுக்கு மேல் சுற்றியது. தரையில் வெள்ளைத் துணி விரித்தால்தான் இறங்கலாம் என்பது பயிற்சியின் முதல் பாடம். "வீரமரணம்னு மேலிடத்துக்குத் தந்தி அடிச்சாச்சு. செத்தவனுக்கு எதுக்குய்யா துணி?" என்றார் தளபதி. எரிபொருள் மூன்று மணி நேரத்துக்குத்தான் இருந்தது. ஆகஸ்டில் போர் முடிந்தபோதும் விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்கர்கள் வந்து, அண்ணாந்து பார்த்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். திடலில் முள்ளங்கி போட்டவர்கள் அதன் சத்தத்துக்குப் பழகிவிட்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் மிட்சுவே, தள அலுவலகத்தில் கிடந்த அந்த வெள்ளைத் துணியைத் திடலில் விரித்தாள். விமானம் உடனே மூக்கைத் தாழ்த்தியது. இயந்திரம் தணிந்து, சக்கரங்கள் முள்ளங்கி இலையைத் தொடும் உயரத்தில் அவன் முகம் தெரிந்தது.

"அக்கா! நான் தாள்ல ஒண்ணுமே போடலையேக்கா. யாரு போட்டது?"

கோபமாகக் கேட்கவில்லை. அலுவலகத்தில் இருப்பவள், அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டான். மிட்சுவே துணியை வாரிச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். பாடம் மறக்காத பையன், மறுபடி மேலே ஏறிவிட்டான்.

அதன்பின் அவள் துணியை விரிக்கவே இல்லை. திடலில் வீடுகளும் பள்ளிக்கூடமும் வந்தன. புதிதாகக் குடிவருபவர்களுக்கு, குப்பை வண்டி வரும் கிழமையையும் இந்த விமானத்தையும் நகர அலுவலகம் ஒரே அறிவிப்பில் சொல்லிவிடும். யாராவது கேட்டால் மிட்சுவே, "என் தம்பிதான். இறங்க இடமில்லை" என்பாள். ஒரு சுற்றுக்கு இப்போதும் நான்கு நிமிடம்தான் ஆகிறது.