வாசமில்லாத எண்ணெய்

இந்த எழுபத்தொரு வயதுக்குள் பேயாண்டி நம்பியது இரண்டே பொருளைத்தான். ஒன்று விளக்கெண்ணெய், இன்னொன்று தன் மீசை. மற்றபடி வானிலைச் செய்தி, கடைத் தராசு, மகள் வாங்கி வரும் மாத்திரை, டாக்டர் சொல்லும் சர்க்கரை அளவு எல்லாமே அவருக்கு ஏமாற்று வேலைதான்.

அப்படிப்பட்டவர் வீட்டுக் கூடத்தில் நடக்கிற மிஷின் ஒன்று வந்து உட்கார்ந்தது. கே.கே. நகரில் அவரும் மனைவி அன்னக்கொடியும் தங்கியிருந்த மகள் பாண்டீஸ்வரி வீட்டில், மாடியில் குடியிருக்கும் ஹாலாஸ்யத்தின் டிரெட்மில் அது. ஹாலாஸ்யம் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பேயாண்டியைத் தினம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தெரு நாய்கள் அவரை நடக்கவிடவில்லை, ஓடத்தான் விட்டன. ஆடி மாதம் பெங்களூருக்கு மகன் வீட்டில் மூன்று மாதம் இருக்கப் புறப்பட்ட ஹாலாஸ்யம், “சும்மாதானே கிடக்கு, நடங்கோ” என்று நாலு ஆளை வைத்துக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டார்.

கொடுத்த மனுசன் சும்மா கொடுத்தாரா? சின்ன நெகிழிப் பை ஒன்றையும் கையில் திணித்தார். அதில் ஒரு திருகுசாவியும், விரல் நீளப் பாட்டிலில் எண்ணெயும் இருந்தன.

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை பெல்ட்டைத் தூக்கி அடியில கொஞ்சமா விடணும். நான் அமாவாசையை மறந்தாலும் மறப்பேன், இதை மறந்ததே இல்லை. ஜாக்கிரதையா வச்சுக்கோங்கோ.”

பேயாண்டி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமே இல்லை.

“நல்லெண்ணெயை மூடி வச்சாலும் வாசம் வெளிய கசியும் சாமி. இதுல ஒண்ணுமே கசியலையே. தண்ணிய அடைச்சு வித்திருக்கான்.”

“அது சிலிக்கான் எண்ணெய். அப்படித்தான் இருக்கும். ஜாக்கிரதை.”

படியேறும்போது ஒரு ஜாக்கிரதை, காரில் ஏறும்போது ஒரு ஜாக்கிரதை, கார்க் கண்ணாடியை இறக்கி ஒரு ஜாக்கிரதை. பேயாண்டிக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் நாற்பது வருசம் கிணற்று மோட்டாரைப் பிரித்துப் பூட்டிய கை அது.

“குடுத்தது மாதிரியே திருப்பித் தருவேன் சாமி. ஒரு குறை இருந்தாலும் இந்த மீசைய எடுத்துடுறேன்!”

சொல்லிவிட்டார். கார் போனபிறகு அன்னக்கொடி கேட்டாள்: “மெத்தப் படிச்சவுகட்டப் போயி மீசையப் பந்தயம் வைப்பீங்களா? அது இல்லாட்டி உங்க மூஞ்சிய எவன் பார்ப்பான்?” ஐம்பது வருசமாகப் பார்த்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பேயாண்டி மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

மூன்று மாதமும் நல்லபடியாகப் போயின. ஆயுத பூசை நெருங்கும்போது மிஷின் கிறீச் கிறீச் என்று கத்த ஆரம்பித்தது. கால் வைக்கும்போதெல்லாம் பெல்ட் ஒரு நொடி இழுத்துப் பிடித்து, பிறகு விட்டது. விஜயதசமியன்று ஹாலாஸ்யம் வருவதாகப் பேச்சு.

“நாளைக்கு ஆளு வர்றாரு. இன்னிக்கு ஆயுத பூசை. இரும்புக்கெல்லாம் எண்ணெய் போடுற நாளு. இதுக்கும் போட்டுற வேண்டியதுதான்” என்றார் பேயாண்டி. மகளும் மருமகனும் கொடைக்கானல் போயிருந்தார்கள். தடுக்க ஆளில்லை.

காலையிலேயே வீட்டில் இருந்த சுத்தியல், ஸ்பேனர், திருப்புளி, அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, சவரக் கத்தி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கியாயிற்று. நெகிழிப் பையை மட்டும் அவர் அடுக்கவில்லை. “தண்ணி பாட்டிலுக்கெல்லாம் பூசை கிடையாது” என்று ஜன்னல் ஓரம் வீசினார். பிறகு பெல்ட்டைத் தூக்கி, அடியில் அரை டம்ளர் விளக்கெண்ணெயைச் சாய்த்தார். மாட்டு வண்டி அச்சே அதில் முப்பது வருசம் ஓடியிருக்கிறது. இந்த ரப்பர்ப் பட்டைக்கு என்ன கேடு?

அப்புறம் சந்தனம், குங்குமம். கைப்பிடியிலிருந்து தரைவரை தொங்கும்படி செவ்வந்தி மாலை. மிஷின் மாப்பிள்ளை மாதிரி நின்றது.

“எலுமிச்சம்பழம்?” என்றாள் அன்னக்கொடி.

“எதுக்கு?”

“எந்த வண்டிய எலுமிச்சம்பழம் நசுக்காம விட்டிருக்கோம்? மாப்பிள்ளை வண்டிக்கு வச்சோம்ல?”

“இதுக்குச் சக்கரம் எங்கடி இருக்கு?”

“ஓடுதுல்ல? ஓடுறதெல்லாம் வண்டிதான்.”

பேயாண்டி போய் ஒரு பழத்தை எடுத்து வந்தார். பெல்ட்டின் முன்பக்கத்தில் பழத்தை வைத்துப் பொத்தானை அமுக்கினார். பழம் ராஜா மாதிரி பின்பக்கம் சவாரி போய், விளிம்பில் எகிறி, சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்தது. நசுங்கவில்லை.

“நசுங்காட்டி ஆகாது” என்று அன்னக்கொடி அடுத்த பழத்தை வைத்தாள். அதுவும் சவாரி போனது. ஆனால் கீழே விழுந்ததும் பெல்ட்டின் அடிப்பக்கம் அதைக் கவ்விக்கொண்டு முன்பக்கமாக இழுத்துப் போனது. உள்ளே ‘சப்’ என்று ஒரு சத்தம்.

“நசுங்கிருச்சு!” என்று அன்னக்கொடி கைதட்டினாள். குலவை கூடப் போட்டிருப்பாள். அதற்குள் செவ்வந்தி மாலையின் தொங்கலும் பழத்தின் பின்னாலேயே உள்ளே போக ஆரம்பித்தது. பேயாண்டி மாலையைப் பிடித்து இழுத்தார். மிஷின் எதிர்ப்பக்கம் இழுத்தது. மாலை அறுந்து அவர் சோபாவில் மல்லாந்தார். மிஷின் ‘ஙொய்’ என்றது, பெல்ட் நின்றது.

பெல்ட்தான் நின்றது. மோட்டார் நிற்கவில்லை. உள்ளே உருளை வழுக்கிக்கொண்டு தனியாகச் சுற்ற, மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அன்னக்கொடி மெதுவாக அதன் மேல் ஏறி நின்றாள். கையில் பொரிக் கிண்ணம்.

“ஏங்க, நான் நடக்குறேனா?”

“நீ நிக்கிறடி.”

“மிஷின் நடக்குறேங்குதே! அரைக் கிலோமீட்டர் ஆச்சு. வலியே இல்லை!” பொரியை வாயில் போட்டுக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பேயாண்டிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நான் அப்பவே சொன்னேன்ல, இது பொய்யி பேசுற மிஷினுன்னு” என்று அவரும் ஏறி நின்றார். இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே முக்கால் கிலோமீட்டர் போனார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது. ஹாலாஸ்யம்.

“பேயாண்டி, நாளைக்குக் கூட்டமா இருக்கும்னு இன்னிக்கே கிளம்பிட்டோம். திண்டுக்கல் தாண்டியாச்சு. மிஷின் சௌக்கியமா?”

“சௌக்கியமாத்தான் இருக்கு சாமி” என்றார் பேயாண்டி. கை தானாக மீசைக்குப் போனது.

திண்டுக்கல் தாண்டியாயிற்று என்றால் மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். மிஷினின் விலாவில் ஒட்டியிருந்த தாளில் ஆரப்பாளையம் மெக்கானிக் அழகுராஜாவின் எண் இருந்தது. மெக்கானிக் என்றாலே நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு போகிறவன் என்பது பேயாண்டியின் முடிவு. இருந்தாலும் மீசைக்காகக் கூப்பிட்டு, விளக்கெண்ணெயிலிருந்து மாலைவரை எல்லாவற்றையும் சொன்னார்.

“அண்ணே, இன்னிக்கா? டூல்ஸ் எல்லாம் பூசையில இருக்குண்ணே. நாளைக்கு மறுபூசை முடிஞ்சாத்தான் தொடுவேன்.”

“டேய் தம்பி, என் மீசை போயிரும்டா!”

மறுமுனை கொஞ்சம் யோசித்தது. “மிஷின் ரிப்பேர் கேள்விப்பட்டிருக்கேன், மீசை ரிப்பேரு இப்பத்தான் கேக்குறேன். வாரேண்ணே. ஆனா வெறுங்கையோடதான் வருவேன். வாய் மட்டும்தான் வேலை செய்யும்.”

அரை மணியில் வந்தான். ஐம்பது வயதுக்காரன், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நாற்காலியில் உட்கார்ந்து, அன்னக்கொடி கொடுத்த சுண்டல் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. எம்புட்டு விளக்கெண்ணெய் விட்டீங்க?”

“அரை டம்ளர்.”

“பெல்ட்டுக்கா, பேதிக்கா? சரி, மோட்டார் மூடியத் திறக்கணும். ஸ்பேனர் எங்க?”

“பூசையில.”

“திருப்புளி?”

“அதுவும் பூசையிலதான்.”

“சாமிகிட்டயே கேட்டு வாங்கிருவமா?”

“எடுத்தீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்” என்று அன்னக்கொடி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

பேயாண்டி கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். வீட்டில் பொட்டு வைக்காத இரும்பே இல்லை. ஜன்னல் ஓரத்தில் அந்த நெகிழிப் பை மட்டும் வெறும் நெற்றியோடு கிடந்தது. அவர் மதிக்காமல் வீசிய பை.

“மாடிச் சாமி குடுத்த சாவி இருக்கு” என்றார் குரல் இறங்கி.

“அட, அதுதாண்ணே இதுக்குன்னே செஞ்சது! ஒரு முனையில பெல்ட் முறுக்கலாம், மறுமுனையில ஸ்குரூ கழட்டலாம்.”

பேயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாலு ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினார். நசுங்கிய எலுமிச்சை வந்தது. செவ்வந்தி இதழ் பிடி பிடியாக வந்தது. அதற்கும் அடியில், கருகலாக, காய்ந்து சுருண்டு ஒன்று வந்தது. இன்னொன்று. மொத்தம் பதினோரு உருப்படி.

“என்னண்ணே அது, பூரானா?”

பேயாண்டி ஒன்றை மோந்து பார்த்தார். இதில் வாசம் இருந்தது.

“மோர்மிளகா.”

“நான் மோர்மிளகா போட்டு வருசம் அஞ்சாச்சு” என்றாள் அன்னக்கொடி.

அழகுராஜா சுண்டலை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். “பெல்ட்டோட அடிப்பக்கம் காட்டுங்க. அண்ணே, இது எண்ணெயே பார்க்காத பெல்ட்டு. பொறந்ததுல இருந்து இது பார்த்த மொத எண்ணெய் உங்க விளக்கெண்ணெய்தான். கிறீச்சுன்னது அதனாலதான். அந்தப் பாட்டிலக் குடுங்க. இந்தா, மூடியில ஒட்டின தாள் கூடக் கிழியலையே!”

பேயாண்டி பாட்டிலை வாங்கிப் பார்த்தார். தாள் புத்தம்புதுசாக ஒட்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் இதை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தவர்தான் அவர். எண்ணெயைச் சந்தேகப்பட்ட அவசரத்தில், கொடுத்த ஆளைச் சந்தேகப்பட மறந்துபோனார்! எழுபத்தொரு வருசத்தில் அவர் சந்தேகப்படாமல் விட்ட ஒரே மனுசன் அந்தக் கணக்கு வாத்தியார்தான்.

“அமாவாசைய மறந்தாலும் இத மறக்க மாட்டாராம்!” என்று அவர் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல், தரையிலேயே உருண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்குமுன் வாசலில் ஆட்டோ நின்றது. ஹாலாஸ்யமும் அவர் மனைவி பட்டுவும் பெட்டியோடு உள்ளே வந்தார்கள். ஹாலாஸ்யத்தின் பார்வை பிரித்துப் போட்ட மிஷினில் விழுந்தது. முகம் சிவந்தது.

“பேயாண்டி! என்ன இது? சௌக்கியம்னேளே! கொடுத்தது மாதிரியே தருவேன்னு மீசையை வச்சுச் சத்தியம் பண்ணினது என்ன ஆச்சு?”

பேயாண்டி எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் விரித்து நீட்டினார்.

ஹாலாஸ்யம் வாயைத் திறக்குமுன் பட்டு மாமி குனிந்து பார்த்துவிட்டு, காணாமல்போன பிள்ளையைக் கண்ட மாதிரி கூவினாள். “ஏன்னா! நம்மாத்து மோர்மிளகாய்! போன சித்திரையில பெல்ட்டு மேல காயப்போட்டேனே, அளவு குறையறதேன்னு உங்களைத்தானே சந்தேகப்பட்டேன்!”

“மாமி, அப்ப இதுல சார் நடந்ததே இல்லியா?” என்றான் அழகுராஜா.

“நடக்கறதாவது! வடாம் மூணு வருஷமா இதுல வெயில் காயறது. ஜன்னலோரம் போட்டதே அதுக்குத்தான்.”

ஹாலாஸ்யம் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“சாமி, குடுத்தது மாதிரியே தரணும்னு சொன்னேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன். இந்தப் பதினொண்ணையும் திரும்ப உள்ள போட்டு மூடித் தரட்டுமா?”

முதலில் சிரித்தது ஹாலாஸ்யம்தான். பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “வேண்டாம் பேயாண்டி, வேண்டாம். மீசையை எடுத்தா நானும் எதையாவது எடுக்கணும். எங்கிட்ட எடுக்க ஒண்ணுமே இல்லை” என்று வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டினார்.

“எடுக்கவும் முடியாது, சவரக் கத்தி பூசையில இருக்கு” என்றாள் அன்னக்கொடி.

அதன்பிறகு வேலை திருவிழா மாதிரி நடந்தது. பேயாண்டி பழைய வேட்டித் துணியைச் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, விளக்கெண்ணெய்ப் பிசுக்குப் போகப் பலகையையும் பெல்ட்டின் அடியையும் உருளையையும் துடைத்தார். ஹாலாஸ்யம் காய்ந்த துணியால் ஈரத்தை ஒற்றினார். அழகுராஜா கிண்ணத்தை விடாமல் கட்டளை போட்டான். “சாவியால இடப்பக்கம் கால் சுத்து. வலப்பக்கமும் கால் சுத்து. ஒரு பக்கம் கூடுனா பெல்ட்டு கோணிக்கிட்டுப் போயிரும். இப்ப பெல்ட்டைத் தூக்கி, பாட்டிலைப் பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு விடுங்க. போதும், போதும்! இது டம்ளர் கணக்கு இல்லண்ணே.”

மூடியைப் பூட்டிப் பிளக்கைச் சொருகினார்கள். குறைந்த வேகத்தில் மூன்று நிமிடம் எண்ணெய் பரவ ஓட வேண்டும் என்றான் அழகுராஜா. யார் முதலில் ஏறுவது? ஹாலாஸ்யம் கால் வலி என்றார். பட்டு மாமி வடாத்தைத் தவிர யாரும் ஏறியதில்லை என்றாள். பேயாண்டியே ஏறினார்.

மிஷினில் சத்தமே இல்லை. கிறீச் இல்லை, இழுவை இல்லை. பெல்ட் தண்ணீர் மாதிரி காலடியில் ஓடியது. பேயாண்டி இரண்டு கையையும் வீசி நடந்தார். மீசை காற்றில் ஆடியது. காற்று ஏது அங்கே? அவர் போன போக்கில் அப்படித் தோன்றியது. நடந்துகொண்டே பாட்டில் மூடியைத் திறந்து மறுபடி மோந்து பார்த்தார். இப்போதும் ஒன்றுமே இல்லை.

“வாசமில்லாத எண்ணெய்னும் ஒண்ணு இருக்கத்தான் செய்யுது” என்று முனகினார். “அடியே, அந்தச் சந்தனத்தக் கொண்டா.”

பாட்டிலுக்கும் சாவிக்கும் பொட்டு வைத்து, சுத்தியலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள் அன்னக்கொடி.

“அப்போ மிஷினை மாடிக்கு...” என்று இழுத்தார் ஹாலாஸ்யம். இழுத்த இழுப்பில் ஆசை ஒன்றும் தெரியவில்லை.

“பூசை போட்டத மறுபூசைக்கு முன்னால நகட்டலாமா சாமி?”

“கூடாது, கூடாது! நாளைக்கு மறுபூஜை ஆனப்புறமும் ஒண்ணும் அவசரமே இல்லை.”

“அப்ப என் வடாம்?” என்றாள் பட்டு மாமி.

பேயாண்டி வேகத்தை ஒரு எண் கூட்டினார்.